தாண்டிக்குடி பஸ்

பட்டிவீரன்பட்டி பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நிற்கும் அம்மாளின் கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. காது அறுந்து, சணல் கோத்துத் தைத்திருக்கிறது. கடையின் பெயர் தேய்ந்துவிட்டது. 'பாண்டி பஜார், சென்னை' என்ற கீழ்வரி மட்டும் பிழைத்திருக்கிறது. பைக்குள் தூக்குச்சட்டி, ஆம்பிளையின் பழைய முழுக்கைச் சட்டை, சுருட்டிய சாக்கு. மார்கழி மாதம். மலைமேல் காப்பிப் பழம் எடுக்கிறார்கள்.

பாண்டி பஜாரின் அந்தப் பாண்டி இந்த ஊர்க்காரர். டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியன், 1893-ல் இங்கே பிறந்தவர், வசதியான வீடு. பாண்டிச்சேரியைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தி.நகரில் பேரம் பேசுகிறவர்கள் ஏராளம். நான் யாரையும் திருத்துவதில்லை.

நீதிக்கட்சிக்காரர். கட்சித் தலைவர்களில் ஒருவரான பி.டி. ராஜன் முயற்சி எடுக்க, 1920களில் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினராகப் போனார். ஓட்டு வாங்கிப் போகவில்லைதான். சொத்துக்காரர்களுக்கே ஓட்டு இருந்த காலத்தில் அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். பெயருக்குப் பின்னால் சாதி வேண்டாம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். நாடார் மகாஜன சங்கத்தில் முன்வரிசையில் இருந்தவர், தன் பெயரிலிருந்தே அதைக் கழற்றினார்.

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்குள் இடி, முழங்கை, "யோவ், பைய மிதிக்காதய்யா!"

அந்தக் காலத்து பஸ்ஸில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டார்கள். டிக்கெட்டிலேயே அதை அச்சடித்து வைத்த முதலாளிகள் உண்டு. சவுந்தரபாண்டியன் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது உத்தரவு போட்டார்: ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து. மனம் திருந்தும்வரை காத்திருக்கவில்லை. முதலாளிக்கு எங்கே வலிக்குமோ அங்கே கை வைத்தார். அவர் பிறந்த சாதியும் வெளியே நிறுத்தப்பட்டதுதான். கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழையக் கூடாது என்று பிரிவி கவுன்சில்வரை போய்த் தீர்ப்பு வந்தது 1908-ல். அப்போது இவர் பள்ளிக்கூடத்துப் பையன் வயது. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களில் பலர், தங்களுக்குக் கதவு திறந்ததும் உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டார்கள். இவர் போடவில்லை என்பதால்தான் எனக்கு இவரைப் பிடிக்கிறது.

சித்தரேவு தாண்டி ஏற்றம். பைக்கார அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் வெள்ளைச் சட்டைப் பெரியவர். தோட்டத்து முதலாளியாக இருக்கலாம், சட்டைப் பையில் கால்குலேட்டர் துருத்திக்கொண்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் அவர் தோள் அம்மாள்மேல் சாய்கிறது. மறு வளைவில் அம்மாள் அவர்மேல். இரண்டு பேரும் நகரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வெளியே சில்வர் ஓக் மர நிழலில் மிளகுக்கொடி, அடியில் சிவந்த காப்பிப் பழம்.

"எங்கம்மா வேலை?" என்கிறார் பெரியவர்.

"பெரும்பாறைங்கய்யா."

"கூலி என்ன குடுக்குறாங்க?"

அம்மாள் ஒரு தொகை சொல்கிறார். பெரியவர் 'ம்' கொட்டிவிட்டு முன்னால் பார்க்கிறார். அவர் தோட்டத்துக் கூலி அதைவிடக் குறைவு போலிருக்கிறது. அம்மாளுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

"ஐயா தோட்டம் எங்கிட்டு?" என்று இப்போது அம்மாள் கேட்கிறார்.