துருவும் மணலும் நுரையீரலும்

நீலகிரியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஈரத்துக்குப் பஞ்சம் வராது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மேகமூட்டம் வேறு. இரும்பு துருப்பிடிக்க மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு தன் வேலையைத் தொடங்கிவிடும். சென்னையைப் போல உப்புக் காற்று இங்கே இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்!

வீட்டு கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு, எஸ்டேட் லைன் வீடுகளின் தகரக் கூரை என்று எல்லாவற்றிலும் துரு. வருடா வருடம் சுரண்டிக் கை ஓய்ந்த வீட்டுக்காரர் ஒருவர், சாண்ட் பிளாஸ்டிங் கருவி ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன என்று யோசிப்பது இயல்புதான். வீடியோவில் பார்த்தால் மந்திரம் மாதிரி இருக்கிறது. துப்பாக்கியை நீட்டுகிறார்கள், துரு பறக்கிறது, வெள்ளை இரும்பு தெரிகிறது.

இது புதிய வித்தை அல்ல. அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் 1870-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அழுத்தப்பட்ட காற்றில் மணலைக் கலந்து இரும்பின் மேல் பீச்சி அடிப்பது, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, காற்றை.

மூன்று மில்லிமீட்டர் துளையுள்ள சின்ன நாசிலுக்கே நிமிடத்துக்கு 15 முதல் 20 கன அடி காற்று தேவை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் தருவது 6 முதல் 8 கன அடிதான். அதாவது சில விநாடி அடித்துவிட்டு, டேங்க் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கம்ப்ரசர் இழுக்கும் காற்றே மெலிந்த காற்று. கீழே 8 கன அடி தருவது, மேலே ஏறக்குறைய 6 கன அடி அளவுக்குத்தான் உழைக்கும். போதாததற்கு ஈரம்! அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகி மணலைக் கட்டியாக்கி நாசிலை அடைத்துவிடும். ஈரம் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் மலையில் இந்த வேலையே நடக்காது.

சரி, காற்றுக்கு வழி செய்தாயிற்று. அடுத்தது மணல். இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிகா. அது இரும்பில் மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. மூச்சோடு உள்ளே போன தூளை நுரையீரல் வெளியே தள்ள முடியாது. அதை விழுங்க வரும் செல்கள் செத்துப்போகும், அந்த இடம் தழும்பாகும். இதுதான் சிலிகோசிஸ். தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும்.

பிரிட்டன் 1949-லேயே வார்ப்பு இரும்புப் பொருட்களை மணல் பீச்சிச் சுத்தம் செய்வதைத் தடை செய்தது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை வெளுத்த மாதிரி காட்டுவதற்காகச் சிறு பட்டறைகளில் மணல் பீச்சினார்கள். இளம் வயதுத் தொழிலாளிகள் சிலிகோசிஸ் வந்து இறந்த பிறகு, 2009-ல் அந்த நாடு அதைத் தடை செய்தது. இந்தியாவிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸைச் சேர்த்தது. ஆனால் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு எந்த ஆய்வாளர் வரப்போகிறார்? அங்கே காவல் வீட்டுக்காரரின் புத்திதான்.

ஆகவே பெயரில் மணல் இருந்தாலும் கருவியில் மணல் போடக் கூடாது. கார்னெட், அலுமினியம் ஆக்சைடு போன்றவை கிடைக்கின்றன. அவற்றிலும் தூசி உண்டு. முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்கு ஆகாது. சுத்தமான காற்றைத் தனிக் குழாயில் தரும் தலைமூடிதான் முறையான பாதுகாப்பு. சின்னச் சின்னப் பொருட்களுக்கு, கையுறை பொருத்திய மூடிய பெட்டி வகைக் கருவி நல்லது. தூசி பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். பழைய கேட்டில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற கடும் வரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017-ல்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கிட்டவே போகக் கூடாது.

தகரக் கூரைக்கு இந்த முறை பெரும்பாலும் பொருந்தாது. அரை மில்லிமீட்டர் தகடு அடி தாங்காமல் நெளியும், துருப்பிடித்த இடத்தில் ஓட்டையே விழும். எஞ்சியிருக்கும் துத்தநாகப் பூச்சும் போய்விடும். கூரைக்குக் கம்பி பிரஷ்ஷும் எமரி ஷீட்டும் போதும். கேட், கம்பி வேலைக்கு கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ், கண்ணாடி, நல்ல மாஸ்க் இருந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். மூலை முடுக்கில் மிஞ்சும் துருவுக்கு, அதைக் கறுப்புப் படலமாக மாற்றும் ரசாயனம் கடையில் கிடைக்கிறது. அவற்றில் சிலவற்றில் வேலை செய்வது டானின். நீலகிரியில் எங்கு பார்த்தாலும் நிற்கும் சீகை மரத்துப் பட்டையிலும் அதே டானின்தான் இருக்கிறது!

எந்த வழியில் துருவை எடுத்தாலும் ஒரு விதி மட்டும் மாறாது. வெறும் இரும்பை மேகமூட்டத்தில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மறுபடி செம்மை படர்ந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட நாளாகப் பார்த்து, காலையில் தேய்த்து, சாயங்காலத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும்.

எங்கோ தோட்டத்தில் பெரிய இரும்புச் சட்டம், பழைய ஜீப் சேஸிஸ் என்று இருந்தால் மட்டுமே சாண்ட் பிளாஸ்டிங் தேவைப்படும். அதையும் கீழே கோவைப் பக்கம் இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைக்கு லாரியில் அனுப்புவது, கம்ப்ரசர் வாங்குவதைவிட மலிவாக முடியும். சுவர் இருந்தால்தானே சித்திரம்! கேட்டை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், நுரையீரலை மாற்ற முடியுமா?