'92-ஓட நிறுத்திட்டேன்!' - மணமேல்குடியில் ஒரு ராஜா ரசிகரும், பாதியில் நின்ற திருவாசகமும்

அறந்தாங்கியிலிருந்து கிழக்கே பேருந்தில் வருபவர்களுக்குக் கடல் நெருங்குவது தெரியாது. வயல், கண்மாய், சீமைக்கருவேலம், மறுபடியும் கண்மாய் என்று போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று காற்றில் ஓர் உப்பு வாடை. சற்று நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடும். அதுதான் மணமேல்குடி. வடக்கே போனால் கட்டுமாவடி. தெற்கே போனால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல். புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் இருக்கிறது என்பதே வெளியூர்க்காரர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கடலைப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். இது பாக் நீரிணை. ஆழம் குறைவு, அலை அதைவிடக் குறைவு. பெரிய ஏரி ஒன்று சோம்பலாகப் படுத்திருப்பது போலத்தான் இருக்கும். அடியில் கடற்புல் படர்ந்து கிடப்பதால் கடற்பசு மேய வரும் நீர் இது. கடற்பசுவுக்கென்றே நாட்டின் முதல் பாதுகாப்பகத்தை 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அது. வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் கோடியக்கரையைப் போலவே மணமேல்குடிக்கும் ஒரு கோடியக்கரை உண்டு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் வரும். மற்ற நாள்களில் படகும் வலையும்தான்.

ஊருக்குப் பழைய பெருமை ஒன்று இருக்கிறது. அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருவரான குலச்சிறை நாயனார் பிறந்த ஊர் இது. பெரியபுராணம் 'மணமேற்குடி' என்கிறது. பாண்டியன் நெடுமாறனுக்கு அமைச்சராக இருந்தவர். அரசி மங்கையர்க்கரசியோடு சேர்ந்து திருஞானசம்பந்தரை மதுரைக்கு வரவழைத்தவர். ஒரு காலத்தில் சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லையாகச் சொல்லப்பட்ட தெற்கு வெள்ளாறு கடலில் கலப்பதும் இந்தப் பக்கத்தில்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. இதில் ஒரு லாபம் இருந்தது. சென்னை, திருச்சி வானொலி கரகரக்கும் வீட்டிலும் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சு போலத் தெளிவாகக் கேட்கும். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்களைச் சொந்தக்காரர் குரல் போல அடையாளம் சொல்லக்கூடிய ஒரு தலைமுறை இந்தக் கரையோரத்தில் இருக்கிறது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, படம் டூரிங் டாக்கீஸுக்கு வரும் முன்பே பாட்டு கடல் தாண்டி வந்துவிட்டது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு.

அப்படிச் சொல்பவர்களில் ஒருவர், கடைத்தெருவில் ஜெராக்ஸும் மொபைல் ரீசார்ஜும் செய்து தரும் சிறிய கடையின் உரிமையாளர். வயது ஐம்பதுகளின் பின்பாதி. அந்தக் கடை ஒரு காலத்தில் கேசட் பதிவுக் கடை. காலி கேசட்டோடு பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளலாம். 60 நிமிட கேசட்டில் 12, 13 பாட்டு கொள்ளும். கடைசிப் பாட்டு பாதியில் வெட்டுப்படாமல் கணக்குப் பண்ணுவதில்தான் ஒரு பதிவுக் கடைக்காரரின் பெயர் நிலைக்கும்.

பட்டியல் எழுதி வாங்கிய நோட்டுகள் இன்னும் அவரிடம் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் கூரையைப் பிரித்தபோது கேசட்டுகளில் பாதி நனைந்து போயின. நோட்டுகள் தப்பின. 'மண்வாசனை', 'நான் பாடும் பாடல்', 'உதயகீதம்', 'சிந்து பைரவி', 'மௌன ராகம்' என்று விதவிதமான கையெழுத்தில் பக்கங்கள் ஓடுகின்றன. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பியவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல்கள்தான் நீளம். ஊரை விட்டுப் போகிறவன் ஊரிலிருந்து எதை எடுத்துப் போக நினைத்தான் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

நோட்டுகளில் ஒன்றை அவர் தனக்காக வைத்திருந்தார். ஒவ்வொரு இளையராஜா படமும் வந்தவுடன் எந்தப் பாட்டு எப்படி என்று அதில் ஒரு வரி எழுதுவார். அது 'தேவர் மகன்' படத்தோடு நின்றுவிடுகிறது. "92 தீபாவளி. அதோட நிறுத்திட்டேன்" என்கிறார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது. பலரும் நினைப்பது போல ஏ.ஆர்.ரஹ்மான் பக்கம் அவர் போய்விடவில்லை. "ரோஜாவ நூத்துக்கணக்குல பதிவு பண்ணிக் குடுத்தேன். ஆனா அது யாவாரம்." அவருக்கு நடந்தது வேறு. 1993-ல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு இளையராஜா சிம்பொனி பதிவு செய்தார். பத்திரிகைகள் கொண்டாடின. கேசட் வந்தால் முதலில் தனக்குத்தான் என்று பலர் இந்தக் கடையில் பெயர் கொடுத்து வைத்தார்கள். கேசட் வரவே இல்லை. காத்திருந்த நேரத்தில் வந்த புதிய படப் பாடல்கள் அவருக்கு ஒட்டவில்லை. ஒரு படம், இரண்டு படம் என்று விட்டது, அப்படியே விட்டுப்போனது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பாடகர்கள் மாறிவிட்டார்கள், நாற்பது வயலின் உட்கார்ந்த இடத்தில் கீபோர்டு உட்கார்ந்துவிட்டது, கிராமத்துக் கதையே படத்தில் இல்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2000-த்துக்குப் பிறகு வந்த சில படங்களின் பாடல்கள் மெலிந்தவை என்று ராஜா ரசிகர்களே தனியாக இருக்கும்போது ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதே காலத்தில்தான் 'ஹே ராம்', 'பிதாமகன்', 'விருமாண்டி', 'நந்தலாலா' எல்லாம் வந்தன. 'பழசிராஜா', 'தாரை தப்பட்டை' இரண்டின் பின்னணி இசையும் தேசிய விருது பெற்றன. ஆள் தேய்ந்துவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் மனிதருக்கு அதிகமாக நினைவில் தங்குகின்றன என்று உளவியல் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். கேட்ட பாட்டுக்கும் அது பொருந்தும். இது தமிழ்நாட்டு வியாதியும் அல்ல. பாப் டிலன் மின்சார கிதாரை எடுத்தபோது, 1966-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரங்கில் ஒரு ரசிகர் 'யூதாஸ்' என்று கத்தினார். கடைக்காரரின் அப்பாவோ எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டோடு கதவைச் சாத்தியவர். 'அன்னக்கிளி' வந்தபோது, "மேளத்தத் தட்டிட்டு இதப் பாட்டுன்றான்" என்று ரேடியோவை அணைத்தவர். பத்து ஆண்டு கழித்து 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தபோது, அப்பாவும் மகனும் அந்த ஒரு கேசட்டை மட்டும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்களாம்.

கடைக்காரர் தனக்கென்று வைத்திருக்கும் விளக்கம் இந்த ஆய்வையெல்லாம்விட எளிமையானது. "அப்ப ஒரு கேசட் வாங்குனா வேற போக்கு இல்ல. இருபது தடவ கேப்போம். மூணாவது தடவ வரைக்கும் புடிக்காத பாட்டு பத்தாவது தடவ உசுராயிரும். பின்னால வந்தத நான் ஒரு தடவதானே கேட்டேன்?"

இந்த 'ஒரு தடவ'யில் ஒரு நட்பும் மாட்டிக்கொண்டது. கோட்டைப்பட்டினத்து நண்பர் ஒருவர். இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகம். சிங்கப்பூர் போன பிறகும் மாதாமாதம் பாட்டைப் பற்றியே நான்கு பக்கம் கடிதம் எழுதியவர். 2005-ல் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளிவந்தது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் ஆங்கில வரிகள் எழுதியிருந்தார். தமிழ் மையத்தின் வழியாக அதை முன்னெடுத்தவர் ஜெகத் கஸ்பர் என்ற பாதிரியார். கோட்டைப்பட்டினத்து நண்பர் அதன் சிடியை வாங்கி, 'மாப்ளைக்கு, நம்ம ஊர்ப் பாட்டு' என்று அட்டையில் எழுதி ஆள் மூலம் கொடுத்தனுப்பினார்.

நம்ம ஊர்ப் பாட்டு என்று அவர் எழுதியது சும்மா இல்லை. மணமேல்குடிக்கு மேற்கே அரை மணி நேரப் பயணத்தில் ஆவுடையார்கோயில். பழைய பெயர் திருப்பெருந்துறை. குதிரை வாங்கி வரச் சொல்லிப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தோடு கிழக்குக் கரையை நோக்கி வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, குதிரையை மறந்து நின்ற இடம். திருவாசகம் பிறந்த மண்.

கடைக்காரர் சிடியைப் போட்டார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது சுமார் 20 நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு வாடிக்கையாளர் வர, நிறுத்தினார். மறுபடி போடவில்லை. அடுத்த வாரம் நண்பர் போன் பண்ணி, "எது மாப்ள புடிச்சது?" என்று கேட்டார். "முதப் பாட்டு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி மாப்ள" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு பெருநாள், பொங்கல் வாழ்த்து தவறவில்லை. பாட்டுப் பேச்சு மட்டும் வரவில்லை.

2025 மார்ச் 8 அன்று லண்டனில், அதே ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது. அன்று கடைக்காரர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்து குவிந்தது. அவரும் ஸ்டேட்டஸ் வைத்தார். ஆனால் அன்று இரவு கேட்டுக்கொண்டே தூங்கியது 1984-ம் வருடத்துப் பாட்டு. சென்னையில் படிக்கும் மகள் அதைக் கவனித்தார். அவருக்கு 'மண்வாசனை'யும் பழசு, 'விருமாண்டி'யும் பழசு. மொபைலில் அவர் வைத்திருக்கும் பட்டியலில் 1983-ம் 2010-ம் அக்கம்பக்கத்தில் கிடக்கின்றன. 92 என்ற கோடு அதில் இல்லை.

விடுமுறைக்கு வந்தபோது, "வாங்கப்பா, ஆவுடையார்கோயிலுக்குப் போய்க் கேப்போம்" என்று அவர்தான் கிளப்பினார். இருசக்கர வண்டியில் இருவரும் போனார்கள்.

அந்தக் கோயிலை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். தெற்கு நோக்கிய சந்நிதி. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் லிங்கத் திருமேனி இல்லை, ஆவுடையார் மட்டும்தான். ஆத்மநாதர் உருவமற்றவர். யோகாம்பாள் சந்நிதியிலும் பாதம் மட்டுமே. கல்லை மரச் சட்டம் போல மெலிதாக இழைத்து வைத்திருக்கும் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பது தெரியாது. 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' வேறு எந்த வேலையும் செய்து தருகிறோம் என்று அந்தக் காலச் சிற்பிகள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. நைவேத்தியமும் தனி ரகம். வடித்த புழுங்கலரிசிச் சோற்றைச் சூட்டோடு படைகல்லில் கொட்டுவார்கள். கூடவே கீரை, பாகற்காய். எழும்பும் ஆவிதான் சுவாமிக்கு.

தரிசனம் முடித்து, கோயிலுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தார்கள். மகள் இயர்போனின் ஒரு பக்கத்தை அப்பாவிடம் கொடுத்து, நேராக இரண்டாவது பாட்டைப் போட்டார். ஐந்தாவது நிமிடம் தாண்டியது. பத்தாவது நிமிடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிடித்ததா, தூக்கமா என்று மகளுக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும், "நடுவுல கொஞ்சம் இழுக்குது" என்றார். பிறகு, "முடியிற எடம் நல்லாருக்கு" என்றார்.

போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சிங்கப்பூர் நண்பருக்கு ஒரு வரி அனுப்பினார்: 'மாப்ள, ரெண்டாவது பாட்டு கேட்டேன்.'

வண்டியைக் கிளப்புவதற்குள் பதில் வந்துவிட்டது.

'எத்தன தடவ?'