அடிக்கணக்கில் வராதவர்கள்

பவானிசாகர் என்றதும் அரசு ஊழியர்களுக்கு அங்குள்ள பயிற்சி நிலையம் நினைவுக்கு வரும். மஞ்சள் விவசாயிகள் பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 ரகங்களைச் சொல்வார்கள்; ஊர்ப்பெயரைச் சுருக்கித்தான் அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் அந்த ரகங்களுக்குப் பெயர் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அணைப் பூங்காவும் வாசலில் மணக்கும் மீன் வறுவலும் போதும். அந்த மீனைப் பிடிக்கிறவர்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர்களைப் பார்ப்பதற்காகவே கோவையிலிருந்து அன்னூர், புளியம்பட்டி வழியாக அந்தப் பேரூராட்சிக்குப் போனேன்.

கரையில் பரிசல்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் தகர டப்பாவில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா அணை கட்டும்போது மண் சுமக்க வந்தவராம். 1948-ல் தொடங்கிய வேலை 1955-ல் முடிந்தது. 8 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த மண்கரையில் வேலை தீர்ந்ததும் வந்தவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். இவர் அப்பா தண்ணீரைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார்.

பரிசலின் உடம்பு மூங்கில். பிளந்து சீவிய பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஓரம் முழுக்க நெருக்கமாக வளைத்துக் கட்டுகிறார்கள். ஒரு காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்கு, அதன்மேல் தார். தார் இளகலாக இருந்தால் சித்திரை வெயிலில் வழிந்துவிடும், இறுகிவிட்டால் வெடிப்பு விடும். பக்குவம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். குச்சியால் தொட்டுத் தூக்கிக் காட்டினார். “நூலாட்டம் எறங்கோணுங் தம்பி. அப்பத்தான் சாக்கு குடிக்கும்.” சொன்னபடியே கறுப்பாக, அறுபடாமல் இறங்கியது. சூடு ஆறுவதற்குள் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பூசினார். விளிம்பில் ஒரு விரற்கடை இடம் விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டதும் மறுபடி அடுப்பை மூட்டினார்.

சாயங்காலம் ஒரு தம்பதியின் பரிசலில் இடம் கிடைத்தது. துடுப்பு அக்காவின் கையில், வலை அண்ணன் கையில். பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் எதுவும் கிடையாது. போக வேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பை எட்டி ஊன்றித் தன் பக்கமாகத் தண்ணீரை இழுக்க வேண்டும். ஒரு பக்கமே இழுத்தால் இருந்த இடத்திலேயே சுற்றும். அவர் இடமும் வலமும் மாற்றி மாற்றி இழுத்த வேகத்தில் பரிசல் ஒரே கோட்டில் போனது. அண்ணன் தங்கூசி வலையை மடிப்பு மடிப்பாக விட்டுக்கொண்டே வந்தார். மேலே தக்கை, கீழே ஈயக்குண்டு. வலை முறுக்காமல் இறங்குவதற்கு அவர் விடும் வேகமும் அக்கா இழுக்கும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. காற்று திரும்பியபோது மட்டும் அண்ணன் “ம்” என்றார்; அக்கா பரிசலை அரைவட்டம் சாய்த்துத் திருப்பினார். இந்தத் தொழிலில் பெண்ணின் பங்கு கூடமாட உதவி செய்வதோடு முடிவதில்லை. பாதித் தொழில் அவர் தோளில் இருக்கிறது.

தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். எதிர்மலையின் எந்த முகடு அணையின் எந்த மதகுக்கு நேராக வருகிறது என்று பார்த்து இடம் குறிக்கிறார்கள். இங்கே கருவேல முள், அங்கே மரக்கட்டை, அதற்கப்பால் பழைய ஆற்றின் பள்ளம். ஒய்சளர் காலத்துத் தண்டநாயகர்கள் ஆண்ட டணாய்க்கன்கோட்டை இந்த நீருக்குள்தான் மூழ்கியிருக்கிறது. கடும் வறட்சியில் கோயில் கற்கள் வெளியே தெரியும்போது நாமெல்லாம் படம் எடுக்க ஓடுகிறோம். இவர்களுக்கு அது வலை கிழியும் இடம். “கோட்டைக்கு மேல வலை உடமாட்டமுங்க” என்றார் அண்ணன்.

வலையை விடிகாலையில் தூக்கினார்கள். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள். குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்து அணையில் விடுகிறார்கள். ஜிலேபிக் கெண்டை 1952-ல் இந்தியாவுக்கு வந்தது; அதை யாரும் வளர்த்து விடவேண்டியதில்லை, தானே பெருகுகிறது. அன்றைய வலையில் பெரும்பாலும் ஜிலேபிதான். செவுளில் மாட்டிய கண்ணியை அக்கா ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். மீனும் சிதையவில்லை, வலையும் அறவில்லை. நான் ஒன்றை எடுப்பதற்குள் அவர் ஏழெட்டு எடுத்துவிட்டார்.

கொங்கு நாட்டில் இந்த அணையின் நீர்மட்டம் அன்றாடச் செய்தி. முழுக் கொள்ளளவு 105 அடி, 32.8 டி.எம்.சி. கீழ்பவானி வாய்க்காலின் 2,07,000 ஏக்கர் இரண்டு பாதியாகப் பிரிந்து, ஒரு பாதி நஞ்சைக்கும் மறுபாதி புஞ்சைக்கும் முறைவைத்துத் தண்ணீர் வாங்குகிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் என்று பழைய பாசனங்களும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகஸ்ட் 15-ல் மதகு திறக்குமா, எத்தனை நாளுக்கு விடுவார்கள் என்று டீக்கடைகளில் பேச்சு நடக்கும். விவசாயிகள் சங்கம் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பேசுகிறார்கள், தேவைப்பட்டால் சாலையில் உட்காருகிறார்கள். அது அவர்கள் பாடுபட்டுப் பெற்ற உரிமை.

அதே அடிக்கணக்கு மீனவருக்குத் தலைகீழாகிறது. அணை நிறைந்தால் மீன் பரந்த தண்ணீருக்குள் சிதறிவிடும். வலை வெறுமையாக மேலே வரும். நீர் இறங்கினால் மீன் ஒதுங்கும், வலை நிறையும். ஆனால் அளவுக்கு மீறி இறங்கினால் அடுத்த வருஷத்துக்கு மீனே இருக்காது. “வெள்ளாமைக்காரருக்கு நல்ல வருஷம்னா எங்களுக்குத் திண்டாட்டமுங்க” என்றார் தார் காய்ச்சிய பெரியவர். “இருந்தாலும் நெறையோணும்னுதான் கும்பிடறம். தண்ணியில்லாம மீனேது?” மதகு திறப்பதற்கு முன் தங்களையும் கூப்பிட்டுக் கேட்டதாக நான் சந்தித்த ஒருவரும் சொல்லவில்லை.

மற்ற பாடுகளும் உண்டு. வடகரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், 2013-ல் அறிவிக்கப்பட்டது. யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும். மாயாற்று முதலை சில நேரம் வலையோடு மீனைப் பிய்த்துப் போகும். இதைப் பற்றி அவர்கள் புகார் சொல்லவில்லை, காட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அப்படித்தான் என்றார்கள். சிறுமுகை விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்துக் கழிவைப் பற்றிப் பேசும்போதுதான் பெரியவரின் குரல் மாறியது. மீன் செத்து மிதந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஆலை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் மேட்டுப்பாளையத்துச் சாக்கடை பவானியில் கலப்பது நிற்கவில்லை. ஆறு கொண்டுவருவதெல்லாம் வந்து தங்கும் இடம் இந்த நீர்த்தேக்கம். கோடிக்கணக்கில் செலவழித்துத் தண்ணீரைத் தேக்கத் தெரிந்த நமக்கு அதைச் சுத்தமாக வைக்கத் தெரியவில்லை என்பது எனக்குப் பெரும் வேதனை.

கரைக்கு வந்ததும் எடை போட்டார்கள். மீன்பிடி உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது; இவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பூங்கா வாசலில் ஒரு தட்டு வறுவல் விற்கும் விலையைச் சொன்னபோது அண்ணன் சிரிக்கவில்லை. வலை, தார், சாக்கு எல்லாம் அவர்கள் கைக்காசு. வருஷத்துக்கு ஒருதரம் கூலியை ஏற்றிக் கொடுக்க வேண்டும், மதகு திறக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அக்கா கேட்டது வேறு. பரிசல் தள்ளுவது அவர், மீனவர் அடையாள அட்டை கணவர் பெயரில் மட்டும். தண்ணீரில் ஒன்று ஆகிவிட்டால் காப்பீடு கேட்கப் போகிறவர்களிடம் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். “ரெண்டு பேரும் ஒரே பரிசல்லதானுங்க போறம். எனக்கும் ஒரு அட்டை குடுக்கச் சொல்லி எழுதுங்க” என்றார். எழுதிவிட்டேன்.