15 வினாடிப் புல்

பிரிஸ்பேனில் எங்கள் லான் பவுல்ஸ் கிளப்பின் நால்வர் அணியில் நான் லீட், அதாவது முதலில் உருட்டுகிற ஆள். பாயை விரிப்பதும், குறிப்பந்தை உருட்டிவிடுவதும், என் இரண்டு பவுல்களை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும்தான் வேலை. அந்தக் குறிப்பந்துக்கு உலகமெல்லாம் ஜாக் என்று பெயர். ஆஸ்திரேலியர்கள் கிட்டி என்பார்கள். கிட்டிக்குக் கிட்டே போகவேண்டும், தமிழனுக்கென்றே வைத்த பெயர் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் சிரிப்பதில்லை.

லான் பவுல்ஸை ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள், ஒருமுறை அந்தப் பவுலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். எடை ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். பார்வைக்கு உருண்டை, உண்மையில் இல்லை. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாகச் சாய்ந்து வளையும்படி வடித்திருக்கிறார்கள். இருபுறமும் வட்ட முத்திரை உண்டு. சின்ன வட்டம் இருக்கிற பக்கம்தான் வளையும். என் முதல் லீக் ஆட்டத்தில் பதற்றத்தில் அதை மாற்றிப் பிடித்துவிட்டேன். பவுல் நிதானமாக, கம்பீரமாக, அடுத்த தடத்துக்காரர்களின் ஆட்டத்துக்குள் நுழைந்தது. இந்தத் தப்பைச் செய்யாத ஆட்டக்காரர் இல்லை என்று எல்லோரும் தேற்றினார்கள். அன்று மாலை பியர் என் செலவு.

திசையைப் பழக்கத்தில் பிடித்துவிடலாம். தூரம்தான் ஆயுள் முழுக்கப் பாடாய்ப் படுத்தும். அது புல்லைப் பொறுத்தது. பாயிலிருந்து 27 மீட்டர் போய் நிற்க ஒரு பவுலுக்கு எத்தனை வினாடி ஆகிறதோ, அதுதான் புல்லின் வேகம். வினாடி கூடக்கூட வேகமான புல் என்பார்கள். அதிக நேரம் எடுத்தால் மந்தம்தானே என்று புதிதாக வருகிறவர்கள் தலையைச் சொறிவார்கள். ஒட்டக் கத்தரித்து, உருளை ஓட்டி, வெயிலில் இறுகிய தரையில் பவுலுக்குத் தடையே இல்லை. மெல்ல விட்டால் போதும், மெல்லத்தான் போய்ச் சேரும். ஈரப் புல்லில் உந்தித் தள்ள வேண்டும். உந்தியது சடுதியில் போய் நின்றுவிடும். எங்கள் பக்கம் 15 வினாடி சாதாரணம். இங்கிலாந்தில் 10, 11.

இந்த நான்கைந்து வினாடி என்ன செய்யும் என்பதை இங்கிலாந்துக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். லேமிங்டன் ஸ்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளப்பில் ஆடவிட்டார்கள். முந்தின இரவு மழை. நான் விட்ட முதல் நான்கு பவுலும் இரண்டு மீட்டர் முன்னாலேயே படுத்துவிட்டன. எதிர்முனையில் நின்ற ஸ்கிப், அதாவது அணித்தலைவர், எதுவும் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்து, இவ்வளவு குறை என்று காட்டினார். ஐந்தாவதுக்கும் அதே அகலம்தான்.

அதனால்தான் 2022 காமன்வெல்த் போட்டியில், அதே ஊரின் விக்டோரியா பூங்காவில் இந்தியப் பெண்கள் நால்வர் இறுதியாட்டம் ஆடியபோது, என் கண் முழுக்க லவ்லி சௌபே மேலேயே இருந்தது. அவர்தான் லீட். பின்னால் பிங்கி, நயன்மோனி சைகியா, ஸ்கிப்பாக ரூபா ராணி திர்க்கி. தென்னாப்பிரிக்காவுடன் ஆட்டம் ஒரு கட்டத்தில் 10-10 என்று சமமாக நின்றது. அதற்குமேல் இந்தியா அவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை; 17-10. இந்த விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் காமன்வெல்த் பதக்கம், அதுவும் தங்கம். மறுநாள் கடைசிப் பவுலைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். லீட் போட்ட பவுல் செய்திக்குள் வராது. அது கிட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதிரணியின் அடுத்த ஏழெட்டுப் பவுலையும் தொந்தரவு செய்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். லீட் ஆடுகிறவன் சொல்வதால் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 உலகச் சாம்பியன்ஷிப் கோல்ட் கோஸ்டில் நடந்தது. எனக்கு ஒரு மணிநேரப் பயணம். ஆண்கள் ஒற்றையர் தங்கம் கனடாவின் ரையன் பெஸ்டருக்கு. கனடாக்காரர் என்று பெயர்தான். அப்போது குடியிருந்தது கோல்ட் கோஸ்டில், ஆடியது அங்குள்ள பிராட்பீச் கிளப்பில். ஆனால் 2018 காமன்வெல்த் இறுதியில் அதே பிராட்பீச்சில் ஆஸ்திரேலியாவின் ஆரன் வில்சனிடம் தோற்று வெள்ளியோடு நின்றவரும் அவர்தான். சொந்தப் புல்லும் ஒருநாள் கைவிடும்.

அந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெளிநாட்டு வீராங்கனை ஒருவர் பயிற்சியில் விட்ட முதல் பவுல், கிட்டியைத் தாண்டி நேரே ஓரத்துப் பள்ளத்துக்குள் விழுந்தது. அவர் முகம் மாறவில்லை. குனிந்து, காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்ப்பதுபோல் புறங்கையால் புல்லைத் தொட்டுப் பார்த்தார். இரண்டாவது பவுல் கிட்டியை உரசி நின்றது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் கிளப்பில் நானும் குனிந்து தொட்டுப் பார்த்தேன். பனி இன்னும் காயவில்லை. துணியால் பவுலைத் துடைத்து, கொஞ்சம் கூடுதலாகவே உந்தி விட்டேன். எதிர்முனையில் ஸ்கிப் இரண்டு கைகளையும் விரித்தார்.