இருபத்திரண்டாம் இலக்கம்

மன்னார்த் தீவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. சோளகம் வீசும் மாதங்களில் கடலின் உப்பு காற்றோடு ஏறிவந்து யன்னல் கம்பியிலும் கிணற்றுக் கப்பியிலும் படியும். தலைமன்னார் வரை நீளும் இந்தத் தரவை நிலத்தில் அதை மறிக்க ஒரு குன்றுமில்லை. 2020இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டதும் இந்தக் காற்றை நம்பித்தான். அதே காற்றுத்தான் எங்கள் பழைய வாகனங்களையும் தின்கிறது.

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த டொயோட்டா கொரோலா, ஏ.ஈ. 100 வகை. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் தொடங்கியபோது விலை எம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரசவ வலியோ நெஞ்சு நோவோ, ராத்திரியில் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்நேரம் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்தாக வேண்டும்.

சென்ற சோளகத்தில் அது பிடிக்க மறுத்தது. சுபஹ் தொழுதுவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால் மோட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஏழெட்டுத் தடவைக்குப் பின் இருமிக்கொண்டு பிடிக்கும். சூடான பின் ஒரு குறையும் இராது. எஞ்சின் விளக்கு சில நாள் எரியும், சில நாள் அணைந்திருக்கும்.

இதை அறிய இக்காலத்து ஸ்கேனர் தேவையில்லை. இந்தக் காருக்கு அது பொருந்தவும் மாட்டாது. பொனட்டின் கீழ் சிறிய சோதனைப் பெட்டி ஒன்றுண்டு. எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் 'ஒன்' நிலைக்குத் திருப்பி, பெட்டியிலுள்ள டீ.ஈ.1, ஈ.1 என்ற இரு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் எஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரே சீராகச் சிமிட்டினால் பதிவான குறை எதுவுமில்லை. எங்கள் விளக்கு இரண்டு தரம் சிமிட்டி, சற்று ஓய்ந்து, மீண்டும் இரண்டு தரம் சிமிட்டியது. இருபத்திரண்டு. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கம்பியூட்டருக்குச் சொல்லும் சென்சருக்குரிய இலக்கம்.

கராஜ் ஒன்றில் சென்சரை மாற்றினார்கள். இரண்டு கிழமையில் பழைய கதை. இன்னொன்று போட்டார்கள். அதுவும் அப்படியே. மூன்றாவதுக்குக் காசு கேட்டபோது, எருக்கலம்பிட்டியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன்.

நானா மல்டிமீட்டரை எடுத்தார். சூடு ஏற ஏற மின்தடை குறைவது இந்தச் சென்சரின் இயல்பு. 20 பாகை செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். 80 பாகையில் 200 முதல் 400 வரை. இரவெல்லாம் ஆறிய எஞ்சினில் அது ஏறக்குறைய 2,000 காட்டியது. சரியான கணக்கு. பிறகு கம்பியூட்டர் பக்கத்து முனையில் அதே வழியை அளந்தார். அங்கே தொடர்பே இல்லை. கப்ளரின் பின்னால் வயர் நுழையுமிடத்தில் செம்பு பச்சை பூத்து உதிர்ந்திருந்தது. சென்சரை மாற்றும் ஒவ்வொரு தடவையும் வயர் அசைந்து சில நாள் தொட்டுக்கொண்டிருக்கும், பிறகு விட்டுவிடும்.

"தம்பி, லைட் பொய் சொல்லல்ல. ஆனா அது கண்ணால கண்டதச் சொல்லல்ல, காதால கேட்டதத்தான் சொல்லுது" என்றார்.

செய்தி வராதபோது கம்பியூட்டர் தானாகவே 80 பாகை என்று வைத்துக்கொள்கிறது. ஓடும் வாகனம் நடுவழியில் நின்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஆறிக்கிடக்கும் எஞ்சினுக்கு அதிகாலையில் கூடுதல் பெற்றோல் வேண்டும். எஞ்சின் சூடாக இருப்பதாக நம்பும் கம்பியூட்டர் அதைக் கொடுப்பதில்லை. உப்பு வயரைப் பாதி மட்டும் தின்றிருந்தால் கதை தலைகீழ்: சூடான எஞ்சினையும் குளிர்ந்ததாக நினைத்துப் பெற்றோலைக் கொட்டும், கறுப்புப் புகை வரும், விளக்கோ எரியாமலும் இருக்கலாம்.

இலக்கம் சுட்டுவது ஒரு பாதையை. சென்சர், கப்ளர், வயர், கம்பியூட்டர் நான்கும் அதில் உண்டு. ஒன்றைப் பிடித்துக் குற்றவாளியாக்குவது எளிது. அளந்து பார்க்கத்தான் பொறுமை வேண்டும். செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது எமக்கு மார்க்கம் கற்பித்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எம்மை இத்தீவிலிருந்து வெளியேற்றியபோது யாரும் விசாரிக்கவில்லை. சந்தேகமே ஒரு சமூகம் முழுவதற்கும் தீர்ப்பானது. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அதன் விலையைக் கொடுத்தோம். நானா தொழில் பழகியதும் அங்கேதான். "சந்தேகத்தில ஒண்டயும் கழட்டி எறியாத" என்று இப்போது தன்னிடம் பழகும் பொடியன்களுக்குச் சொல்கிறார்.

செம்பு பளிச்சென்று தெரியும் வரை வயரை வெட்டி, புதிய கப்ளர் போட்டு, ஈயம் பற்றவைத்து, உப்புக் காற்று நுழையாமல் மூடினார். ஈ.எஃப்.ஐ. பியூஸைச் சற்று நேரம் கழற்றி வைத்துப் பழைய பதிவை அழித்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது.

பிறகு, முன்பு கழற்றிய இரண்டு சென்சர்களையும் கேட்டு வாங்கி அளந்தார். இரண்டும் நல்லவை.