காரின் பேச்சும் கணிப்பொறியின் செவியும்

பழையது போகும், புதியது வரும். அது உலக இயல்பு என்று இலக்கணம் படித்த நமக்குத் தெரியும். ஆனால் எல்லாப் பழையதும் ஒரே நாளில் போய்விடுவதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. நன்றாகப் பேணிய கார் இருபது ஆண்டு ஓடும். கணிப்பொறியோ ஐந்தாறு ஆண்டில் கிழமாகிவிடும். காருக்கு ஆயுள் இருக்கும்போதே, அதன் பேச்சைக் கேட்டுச் சொல்லும் கணிப்பொறி கண்ணை மூடிவிடுகிறது. அப்படித் தவித்த ஒருவருக்குத் துணைநின்றபோது நான் கற்றதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நம் பல்கலைக்கழகத்தின் பின்வாயிலைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் ஒரு மோட்டார் பட்டறை வரும். அதன் சொந்தக்காரரை எல்லாரும் ‘உஸ்தாத்’ என்றுதான் அழைப்பார்கள். வயது அறுபதுக்கு மேல். என்னை ‘மதராஸி பேட்டா’ என்பார். சென்னை வேறு, என் தென்காசி வேறு என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. விட்டுவிட்டேன்.

உஸ்தாத் 2004-ஆம் ஆண்டில் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஐரோப்பியக் கார்களின் கோளாற்றை அறியும் மென்பொருளை, சி.டி.யும் இணைப்புக் கம்பியுமாக, முழு விலை கொடுத்து வாங்கினார். சுற்றுவட்டாரத்தில் வேறு எவரிடமும் அது இல்லை. இத்தனை ஆண்டுகளாகப் பட்டறை நிமிர்ந்து நின்றது அதனால்தான். சென்ற மழைக்காலத்தில் அவருடைய பழைய மடிக்கணிப்பொறி செத்தது. மகள் புதிது வாங்கிக் கொடுத்தாள். புதியதிலோ அந்தச் சி.டி.யைப் போட இடமே இல்லை! வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். “கடையைப் பூட்டிவிடலாம், பேட்டா” என்று அவர் சொன்ன நாளில், அது வெறும் பேச்சு அன்று என்று எனக்குத் தெரிந்தது.

கைப்பேசியோடு இணையும் மலிவான கருவி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அமெரிக்காவில் ஓ.பி.டி. 2 என்னும் பொதுமுறை 1996-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து கட்டாயமாயிற்று. நம் நாட்டில் அது 2013 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய கார்கள் பல தத்தம் மொழியிலேயே பேசின. மேலும் பொதுமுறை சொல்வது பெரும்பாலும் புகையையும் எஞ்சினையும் பற்றியே. பிரேக்கின் ஏ.பி.எஸ்., காற்றுப்பை போன்றவற்றின் குறையைக் கேட்க அந்தக் காருக்குரிய மென்பொருள் வேண்டும்.

வேலையில் இறங்கினோம். நான்கு முடிச்சுகள் இருந்தன.

முதல் முடிச்சு எளியது. வெளியே இணைக்கும் சி.டி. கருவி ஒன்றை விடுதி நண்பரிடம் இரவல் வாங்கி, சி.டி. முழுவதையும் படியெடுத்தோம்.

இரண்டாவது, மென்பொருளை நிறுவுவது. கணிப்பொறி உடனே கைவிரித்தது. மென்பொருள் 32 பிட் வகையைச் சேர்ந்தது. அது 64 பிட் விண்டோஸிலும் ஓடக்கூடியதுதான். ஆனால் அதை நிறுவித் தரும் சிறு நிரல் 16 பிட் வகை. 64 பிட் விண்டோஸ் அந்த வகையை ஏற்பதே இல்லை. வீடு வலுவாக இருந்தும் வாயிற்கதவு திறக்கவில்லை! புதிய கணிப்பொறிக்குள்ளேயே வர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, பழைய கணிப்பொறி ஒன்றைக் கற்பனையாக அமைத்தோம். உஸ்தாத் வைத்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி சி.டி.யை அதில் ஏற்றினோம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டதால், அதற்கு இணையத் தொடர்பு கொடுக்கவில்லை. அங்கே மென்பொருள் தடையின்றி நிறுவப்பட்டது. பிறகு அந்தக் கோப்புறையை அப்படியே வெளியே எடுத்துப் புதிய விண்டோஸில் வைத்தோம். ஒரே ஒரு துணைக்கோப்பு இல்லையென்று பெயர் சொல்லிக் கேட்டது. அதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். திரை திறந்தது.

மூன்றாவது முடிச்சு கம்பி. பழைய கம்பியின் முனை ஒன்பது ஊசி கொண்டது. புதிய கணிப்பொறியில் இருப்பது யு.எஸ்.பி. வாய். நடுவே ஒரு மாற்றி வேண்டும். மலிவுக்கு ஆசைப்படாமல் அசல் சில்லு உள்ளதை வாங்கச் சொன்னேன். எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சில்லைப் போலச் செய்த போலிகளை, அந்நிறுவனம் 2014-இல் வெளியிட்ட இயக்கி மென்பொருள் செயலற்றுப்போகச் செய்தது பலருக்கு நினைவிருக்கும். மாற்றியை இணைத்ததும் அதற்குக் காம் 7 என்று எண் கிடைத்தது. பழைய மென்பொருளுக்கோ காம் 4-க்கு மேல் எண்ணத் தெரியாது! டிவைஸ் மேனேஜரில் அதைக் காம் 2 என்று மாற்றினோம்.

நான்காவதுதான் எங்களை மூன்று மாலைகள் உட்கார வைத்தது. உஸ்தாதின் நீண்டகால வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் 2003-ஆம் ஆண்டுக் காரை நிறுத்தியிருந்தார். ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை. வேறோரிடத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்ன விலைக்குக் காரையே விற்றாலும் ஈடாகாது. மென்பொருள் காரை அழைக்கும். கார் வாய் திறக்கும். உடனே தொடர்பு அறுந்துவிடும்.

காரணம் என்ன? அந்தக் காலத்துக் கார் பேசும் முறை விந்தையானது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை கொண்ட செருகுவாய் இருக்கும். அதில் ஏழாம் துளையின் ஒற்றைக் கம்பி வழியாகவே கேள்வியும் பதிலும் போகும். முதல் அழைப்பு நொடிக்கு 5 பிட் வேகத்தில், ஒரே ஓர் எண்ணைச் சொல்ல இரண்டு நொடி எடுத்துக்கொண்டு, மெல்லப் போகும். கார் விழித்துக்கொண்டபின் பேச்சு நொடிக்கு 10,400 பிட் வேகத்துக்குத் தாவிவிடும். கார் தன் அடையாளத்தைச் சொன்னதும், குறித்த சில மில்லி நொடிகளுக்குள் மறுமொழி வரவேண்டும். வராவிட்டால் பேச்சை நிறுத்திவிடும்.

மாற்றியின் சில்லோ, வந்த செய்தியை உடனே உள்ளே விடுவதில்லை. இன்னும் ஏதாவது வருகிறதா என்று 16 மில்லி நொடி வரை காத்திருக்கும். நமக்கு அது ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவு; காருக்கோ அது பெருந்தாமதம். காம் எண்ணை மாற்றிய அதே இடத்தில் ‘லேட்டன்சி டைமர்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதை 16-இலிருந்து 1-ஆகக் குறைத்தோம். மறுபடி அழைத்தோம். கார் பேசிற்று!

பின்னிடச் சக்கரத்தின் வேக உணரியிலிருந்து செய்தி வரவில்லை என்றது திரை. “புதிய உணரி வாங்கலாமா?” என்று கேட்டேன். உஸ்தாத் சிரித்தார். “செய்தி வரவில்லை என்றுதானே சொல்கிறது? உணரி கெட்டது என்று சொல்லவில்லையே, பேட்டா” என்றார். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தார். உணரி நலமாகவே இருந்தது. அதற்குப் போகும் கம்பிதான், சக்கரத்தருகே உரசி உரசி, உறைக்குள் அறுந்திருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. விளக்கு அணைந்தது. ஆசிரியர் காரை ஓட்டிச் சென்றார்.

அன்பர்களே, நோய் இன்னதென்று தெரிந்து, அது வந்த வழியும் தெரிந்து, அதன்பின் மருந்து தேடுவதே முறை என்பது நம்மவர்க்குப் புதிதன்று. கணிப்பொறி முதற்படியில்தான் நிற்கிறது. இரண்டாம் படி ஏறுவதற்கு, நாற்பதாண்டு கை கறுக்க உழைத்த ஒருவர் வேண்டும். அவர் கையிலிருந்த கருவி செத்தபோது, அவருடைய அறிவும் சேர்ந்து செத்ததுபோல ஊர் அவரைக் கடந்து போகப் பார்த்தது. அதுதான் கொடுமை. ஏடு இருந்தால் மட்டும் போதுமா? அதைப் படிக்கத் தெரிந்தவன் வேண்டாமா?

நம்மில் பலர் நாளை புதிய மென்பொருள்களை எழுதப் போகிறோம். புதிய இயந்திரங்களை வடிவமைக்கப் போகிறோம். நாம் செய்யும் பொருள் எத்தனை ஆண்டு உழைக்குமோ, அத்தனை ஆண்டும் அதன் பேச்சைக் கேட்க வழி வைத்துவிட்டுப் போவது நம் கடமை. இன்றே செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் வீட்டிலோ ஆய்வகத்திலோ பழைய கருவி ஏதேனும் இருந்தால், அதன் மென்பொருளை இப்போதே படியெடுத்து வையுங்கள். உரிம எண்ணையும் அமைப்புகளையும் தாளில் எழுதி, கருவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். உஸ்தாதின் பட்டறைச் சுவரில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது: காம் 2, லேட்டன்சி 1. அவர் கையெழுத்தில், இந்தியில். எனக்குப் பின் வரும் மாணவருக்கும் அது போதும்.