குதிரை வித்தையும் எண் வித்தையும்

எங்கள் கனகசெட்டிக்குளத்தில் குதிரைப் பந்தய மைதானம் கிடையாது. பந்தயக் குதிரையும் கிடையாது. கிழக்கே கடல், நடுவே சென்னைக்குப் போகும் கடற்கரைச் சாலை, அந்தச் சாலையில் இரவும் பகலும் ஓடும் பஸ்கள் - இவ்வளவுதான் ஊர். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் குதிரையைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் ஐயனார் கோயிலுக்குத்தான் போகவேண்டும். அங்கே நிற்கும் மண் குதிரைகள் இன்றுவரை யாரையும் ஏமாற்றியதில்லை. ஓடுவதாக அவை வாக்குக் கொடுத்ததே இல்லை அல்லவா? "மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?" என்னும் பழமொழிகூட அவற்றைப் பழிப்பதற்கு ஏற்பட்டதன்று, ஆற்று நடுவே திரளும் மணல் மேடாகிய 'மண் குதிர்' என்பதே குதிரை என்று மருவிவிட்டது என்று சொல்லும் தமிழ்ப் புலவர்கள் இருக்கிறார்கள். ஐயனார் குதிரைகளுக்கு ஏற்பட்ட அபவாதம் இவ்வாறு நீங்கியதில் எனக்குப் பரம சந்தோஷம்.

உயிருள்ள குதிரையை நம்பி இறங்கியவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இங்கிருந்து மூன்று மணி நேரப் பஸ் பிரயாணத்தில் கிண்டி இருந்தது. அங்கே 1777-ஆம் வருஷத்திலேயே பந்தயம் ஆரம்பமாயிற்று என்பார்கள். 1896-ல் சென்னை ரேஸ் கிளப் ஏற்பட்டது. நகரத்தின் நடுவே ஏறக்குறைய 160 ஏக்கர் நிலத்தைத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்து அது நடத்திய பந்தயங்களால் உயர்ந்தவர்கள் சிலர், உட்கார்ந்தவர்கள் பலர். 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தமிழக அரசாங்கத்தார் அந்தக் குத்தகையை ரத்து செய்து வாசலுக்கு முத்திரை வைத்தார்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. மைதானத்தின் கதி எதுவானாலும் ஆகட்டும். மனிதனுடைய ஆசைக்கு முத்திரை வைக்கும் அரக்கு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகையால் இந்த விஷயத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவது வீண் போகாது என்று நினைக்கிறேன்.

உத்தியோக நிமித்தம் நான் சென்னையில் குடியிருந்த வருஷங்களில், சில சனிக்கிழமைகளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கிண்டிக்குப் போவதுண்டு. குதிரை பார்க்கப் போனேன் என்று சொன்னால் நண்பர்கள் கண்ணைச் சிமிட்டுவார்கள். உண்மையிலேயே குதிரை பார்க்கத்தான் போனேன். பந்தயத்துக்கு முன்னால் ஒரு வட்டத்தில் குதிரைகளை நடத்திக் காட்டுவார்கள். வெயிலில் செம்பு போல் பளபளக்கும் அந்த உடம்பையும், தரையில் பட்டும் படாமலும் விழும் அந்தக் காலடியையும் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பணம் கட்டாமல் பார்க்கிறானே என்று எந்தக் குதிரையும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை.

அங்கே வழக்கமாக வரும் பெரியவர்களிடமிருந்து, ஒரு பந்தயத்தில் எந்தக் குதிரைக்கு வாய்ப்பு அதிகம் என்று முன்கூட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் வித்தையையும் ஓரளவு கற்றுக்கொண்டேன். ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு நேராகவும் அதன் ஜாதகம் இருக்கும். கடைசி ஐந்தாறு ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது. அது ஓடியது 1,200 மீட்டரா, 2,000 மீட்டரா. குறுகிய தூரத்தில் பாய்ந்துவிட்டுப் பிறகு மூச்சு வாங்கும் ரகமா, கடைசியில் விரைந்து வரும் ரகமா. சென்ற ஓட்டத்துக்குப் பின் எத்தனை நாள் ஓய்வு. ஜாக்கி யார், பழக்கியவர் யார் - இத்தனையும் பார்க்கவேண்டும். மைதானத்தின் வளைவில் உள்பக்கம் ஓடுகிற குதிரைக்குத் தூரம் குறைவு. வெளிப்பக்கம் நிறுத்தப்பட்டதற்குத் தூரம் அதிகம். ஐப்பசி கார்த்திகை மழையில் புல்தரை இளகிவிட்டால், காய்ந்த தரையில் காற்றாய்ப் பறந்த குதிரை சேற்றில் எருமை போல் வருவதும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக 'ஹாண்டிகாப்' என்று ஒன்று இருக்கிறது. கெட்டிக்காரக் குதிரையின் முதுகில் அதிகப் பாரம். சோடைக் குதிரையின் முதுகில் குறைந்த பாரம். ஜாக்கியும் சேணமும் போதாவிட்டால் ஈயத் தகட்டைச் சேர்த்து நிறையைச் சரிக்கட்டுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே சமயத்தில் எல்லைக் கம்பத்தை அடையவேண்டும் என்பதே இப்படிப் பாரம் நிர்ணயிக்கும் அதிகாரியின் லட்சியம். எந்தக் குதிரை வரும் என்று நாம் தலையை உடைத்துக்கொள்கிறோம். எதுவும் தனித்து வரக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கும் ஒருவர் நமக்கு முன்பே தலையை உடைத்துக்கொண்டிருக்கிறார்!

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற செய்தி உறவினர் மத்தியில் எப்படியோ பரவிவிட்டது. 2019-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், என் மனைவியின் அண்ணன் மகன் கிண்டிப் பந்தயத்தின் ரேஸ் புத்தகத்தோடு வந்து சேர்ந்தான். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தகப்பனார் காலமாகிவிட்டார், தாயாரும் ஒரு தங்கையும் அவன் பொறுப்பு. தங்கை கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரிச் சம்பளத்துக்காகச் சேர்த்த 20,000 ரூபாய் கையில் இருந்தது. கட்டுவதற்கு இன்னும் மூன்று வாரம் தவணையும் இருந்தது.

"மாமா, சனிக்கிழமை நாலாவது பந்தயத்தை நீங்கள் ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள். நான் குறித்திருக்கிற குதிரை சரிதானா என்று மட்டும் சொன்னால் போதும்" என்றான்.

பார்த்தேன். பையன் அசடு அல்ல. தூரம், பாரம், தரை, ஜாக்கி எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் குறித்திருந்தான். நானே கணித்திருந்தாலும் அந்தக் குதிரையைத்தான் சொல்லியிருப்பேன். அவனுடைய கணிப்பு தப்பாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். சரியாக இருந்ததனால்தான் சங்கடம்.

"குதிரை சரி, தம்பி. ஆனால் நளன் கதை தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

நளமகாராஜனைப் போல் குதிரையின் மனத்தை அறிந்தவன் பூமியில் இல்லை. அப்படிப்பட்டவன் சூதாட்டத்தில் நாட்டையும் நகரையும் தோற்று, கட்டிய மனைவியைக் காட்டில் விட்டுவிட்டு, வாகுகன் என்ற பெயரில் அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகிறான். அவன் ஓட்டிய தேரில் இருதுபன்னனின் மேலாடை நழுவி விழுகிறது. எடுக்கச் சொல்வதற்குள் தேர் ஒரு யோசனை தூரம் போய்விடுகிறது! அந்த இருதுபன்னனுக்குத் தேரோட்டத் தெரியாது. ஆனால் வழியில் நின்ற தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எத்தனை காய், எத்தனை இலை என்று சொல்லிவிடுகிறான். நளன் இறங்கிப்போய் எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்த எண் வித்தையை வாங்கிக்கொள்கிறான். அந்த நிமிஷமே அவனைப் பிடித்திருந்த கலி விலகி ஓடுகிறான்.

"குதிரை வித்தை ஒன்று, எண் வித்தை வேறொன்று. முதலாவது உன்னிடம் இருக்கிறது. இரண்டாவதைப் பார்ப்போம், வா" என்று ஒரு காகிதத்தை எடுத்தேன்.

ஐந்து குதிரைகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பந்தயம் பிடிக்கும் புக்கி, முதல் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுக்கிறான். இரண்டாவதற்கு ஒன்றுக்கு மூன்று. மூன்றாவதற்கு ஒன்றுக்கு நான்கு. மற்ற இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்பது. நாம் முறையே 50, 25, 20, 10, 10 ரூபாய் கட்டுகிறோம். எந்தக் குதிரை வந்தாலும், கட்டிய பணத்தையும் சேர்த்து நம் கைக்கு வருவது 100 ரூபாய். தோல்வியே கிடையாது! ஆனால் கட்டிய தொகையைக் கூட்டிப் பாருங்கள்: 115 ரூபாய்.

காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அப்படியானால் ஓடுவது ஐந்து குதிரை அல்ல, ஆறு குதிரை. ஆறாவது பந்தயம் பிடிக்கிறவனுடைய குதிரை, அது மட்டும் எல்லாப் பந்தயத்திலும் ஜெயிக்கிறது" என்றாள். கணித சாஸ்திரத்தை நான் முப்பது வருஷம் போதித்திருந்தாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

"புக்கியிடம் கட்டமாட்டேன், டோட்டில் கட்டுவேன்" என்றான் பையன். அந்த டோட் முறை, ஒரு காலத்தில் எங்கள் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் தலைநகரில் பிறந்தது. 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலேர் என்பவர் ஏற்படுத்தினார்; பின்னால் 1889-ல் 'மூலான் ரூஜ்' என்ற பிரசித்தி பெற்ற கேளிக்கை மண்டபத்தைத் திறந்தவர்களில் ஒருவரும் அவரே. எல்லாருடைய பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, ஜெயித்த குதிரையின்மேல் கட்டியவர்களுக்குப் பங்கிடுவது அந்த முறை. மிகவும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பங்கிடுவதற்கு முன்னால் நடத்துகிறவர் தம் பாகத்தை எடுத்துக்கொள்வார். சர்க்காரும் வரி எடுத்துக்கொள்ளும். 2017 முதல் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 28. 2025 செப்டம்பர் 22 முதல் அது நூற்றுக்கு 40. இவ்வளவும் போக மிஞ்சியதைத்தான் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

"குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்தது என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறதே, மாமா?" என்றான் அவன். சொல்லியிருப்பது வாஸ்தவம். பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். வழக்கு வளர்ந்து, 1996 ஜனவரியில், இது முக்கியமாகத் திறமையின் பாற்பட்ட விளையாட்டு என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். திறமை இருக்கிறது. அந்தத் திறமை குதிரைக்கு இருக்கிறது, ஜாக்கிக்கு இருக்கிறது, பழக்குகிறவருக்கு இருக்கிறது. பணம் கட்டுகிற ஆயிரம் பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஆயிரம் பேரும் நல்ல குதிரை என்று கண்டுபிடித்த குதிரைக்குக் கிடைக்கும் விலை மிகவும் குறைந்துபோகிறது. எல்லாருக்கும் தெரிந்த ரகசியத்துக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும்?

"அப்படியானால் யாரும் நம்பாத குதிரையின்மேல் கட்டினால்?" என்றான். நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் அவன் ஞாபகத்தில் இருந்திருக்கவேண்டும். பாண்டியன் லாயத்தில் அந்தப் பரிகள் இரவோடிரவாக நரியாகிவிட்டதையும் ஞாபகப்படுத்தினேன். 1949-ல் கிரிபித் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் பந்தயக் கணக்குகளை ஆராய்ந்து, வாய்ப்புக் குறைந்த குதிரைகளின்மேல் ஜனங்கள் அவற்றின் தகுதிக்கு மேல் பணம் கட்டுகிறார்கள் என்று காட்டினார். பத்து ரூபாய் ஆயிரமாகும் என்ற கனவுக்கு மனிதன் அதிக விலை கொடுக்கிறான்.

கடைசியாகப் பையன் என்னை மடக்கினான். "நளன் இரண்டாம் தடவை ஆடி ஜெயித்தானே, மாமா?"

"ஜெயித்தான். எதிரே புஷ்கரன் ஒருவன்தான் இருந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்ள நடுவே மூன்றாவது ஆசாமி இல்லை" என்றேன்.

இதற்குமேல் உபதேசம் செய்தால் பலிக்காது என்று எனக்குத் தெரியும். இளைஞர்களுக்குப் புத்தி சொல்வதைக் காட்டிலும் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது உத்தமம். "கல்லூரிச் சம்பளத்தைத் திங்கட்கிழமையே கட்டிவிடு. பிறகு இந்த நோட்டில் பந்தயம் கட்டு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் 100 ரூபாய் என்று எழுது. முன்னாலேயே எழுதவேண்டும், ஓடி முடிந்தபிறகு திருத்தக் கூடாது. மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்றேன். ரோஷக்காரப் பையன். சம்மதித்தான்.

பிப்ரவரி முடிவில் நோட்டைக் கொண்டுவந்தான். நாற்பது பந்தயங்கள். பதினாலில் அவன் குறித்த குதிரையே முதலில் வந்திருந்தது! எல்லாரும் நம்பும் பேவரைட் குதிரையே மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ஜெயிக்கும் என்பது உலகமெங்கும் உள்ள அநுபவம். இவன் அதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தான். ஆனால் கட்டியதாக எழுதிய தொகை 4,000 ரூபாய். வந்ததாக எழுதிய தொகை 3,360. வித்தை பலித்திருந்தது, காகிதத்தில் 640 ரூபாய் போயிருந்தது.

"நூற்றுக்குப் பதினாறு நஷ்டம். ஆனாலும் பதினாலு ஜெயித்தேன், மாமா!" என்றான், வருத்தமும் பெருமையும் கலந்து. பெருமைப்பட வேண்டியதுதான் என்று நானும் சொன்னேன். குதிரையைக் கணிப்பது ஓர் அழகான பொழுதுபோக்கு; சதுரங்கம் போல, வானத்தைப் பார்த்து மழை சொல்வது போல, மூளைக்கு நல்ல தேகப்பயிற்சி. அதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் தாராளமாகப் போதும்.

அன்று தங்கையும் கூட வந்திருந்தாள். பி.காம். மாணவி அல்லவா? நோட்டை வாங்கி, வரி வரியாகக் கூட்டிப் பார்த்தாள். கூட்டலில் பிழை இல்லை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"கணக்கு முடியவில்லையே, அண்ணா! சென்னைக்குப் போக வர பஸ் கட்டணம், மைதானத்து டிக்கெட், மத்தியானச் சாப்பாடு - இதெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டாள்.